எதுவும் மாட்டாமலே 83 வாட் தின்னும் இன்வெர்ட்டர்: ஃபெரைட் சோக் எவ்வளவு குறைக்கும்?

கேள்வி: மியன்மாரின் மோல்மீனில் வீட்டில் கட்டிய 24 வோல்ட், 1,500 வாட் இன்வெர்ட்டர் இது. ஈ.ஜி.எஸ் 002 கட்டுப்பாட்டுப் போர்டு, மாஸ்ஃபெட் சுவிட்சுகளாலான எச்-பிரிட்ஜ், வளைய வடிவ (டொராய்டு) டிரான்ஸ்ஃபார்மர். ஒரு பல்புகூட எரியாதபோது பேட்டரியிலிருந்து 26 வோல்ட்டில் 3.2 ஆம்பியர் இழுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வயரில் ஃபெரைட் வளையம் கோத்தால் குறையும் என்கிறார்கள். உண்மையா? எந்த வளையம், எத்தனை சுற்று?

பதில்:

குறையும். ஆனால் உங்கள் 83 வாட்டில் ஒரு பகுதியைத்தான் சோக், அதாவது வேகமாக மாறும் கரன்ட்டைத் தடுக்கும் ஃபெரைட் சுருள், தொட முடியும். அந்தப் பகுதி எவ்வளவு என்று அளக்காமல் வளையம் வாங்கினால், காசு போனபின்பும் மீட்டர் அதே எண்ணைக் காட்டக்கூடும்.

முதலில் இந்த எண் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 83 வாட்டை 24 மணி நேரம் ஓடவிட்டால் நாளொன்றுக்கு 2 யூனிட். 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முழுதாய் நிறைந்தாலும் இரண்டரை யூனிட்தான் கொள்ளும். ஆனி முதல் ஆவணி வரை மோல்மீனில் மழை விடாது; 550 வாட் சோலார் பலகை ஒன்று நாளுக்கு ஒன்றரை யூனிட் தந்தாலே நல்ல நாள். அதாவது பலகை தருவதை எல்லாம் இன்வெர்ட்டரே தின்றுவிட்டு, மேலும் கேட்கிறது. கோடையில் யாருக்கும் உறைக்காத இந்த நட்டம் மழைக்காலத்தில்தான் பேட்டரியைக் காலியாக்கும்.

நோ-லோடு நட்டம், அதாவது எதுவும் மாட்டாதபோது போவது, மூன்று இடங்களில் நடக்கிறது. ஒன்று, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் 50 ஹெர்ட்ஸில் நடப்பது. இரண்டு, போர்டு, கேட் டிரைவ், மின்விசிறி, மாஸ்ஃபெட்டுகள் தின்பது. மூன்று, 20 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் பிரிட்ஜ் வெட்டிவெட்டி அனுப்பும் மின்னழுத்தத்தால் பிரைமரியில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் பேட்டரிப் பக்கச் சுருளில், ஏறி இறங்கும் ரிப்பிள் கரன்ட். சோக்குக்கு வேலை மூன்றாவதில் மட்டும்தான்.

இவற்றைப் பிரித்து அளப்பது கடினமில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரில் 50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட் (கரன்ட் அளக்கும் மின்தடை) ஒன்றைப் போட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் படியுங்கள், 3.2 ஆம்பியருக்கு 4.8 மில்லிவோல்ட் காட்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை நம்பாதீர்கள். கெபாசிட்டர்கள் நிறையும் முதல் கணத்திலேயே அதன் ஃப்யூஸ் போய்விடும். இந்தச் சோதனைகளோடு பெரிய லோடு எதையும் ஓட்டாதீர்கள், ஷன்ட் சிறியது.

டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகச் சோதிக்க, பிரைமரி முனைகள் இரண்டையும் பிரிட்ஜிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடுகள் வழியே பேட்டரிப் பக்கம் மின்சாரம் ஏறும். பிறகு 230 வோல்ட் சுருளை, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து, வாட் மீட்டர் வழியே வீட்டு மின்சாரத்தில் மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தாற்போல் ஆக வேண்டும். தொடர்ந்து பிரகாசமாய் எரிந்தால் சுருளில் ஷார்ட் இருக்கிறது. நல்ல 1,500 வாட் டொராய்டு 10 முதல் 20 வாட்டுக்குள் நிற்கும். படிக்கும்போது வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் லைன் 190-க்கு இறங்கும் வீடுகளில் இந்த அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும்; பல்பு விழுங்கும் வோல்ட்டும் அதில் சேரும்.

அடுத்து, பிரைமரி கழன்றிருக்கும்போதே இன்வெர்ட்டரைப் போட்டு ஷன்ட்டைப் படியுங்கள். வெளிவோல்ட் வராததால் போர்டு சில நொடிகளில் பாதுகாப்பில் நின்றுவிடும், அதற்குள் படித்துவிட வேண்டும். மின்விசிறி ஓடாமல் 5 முதல் 8 வாட் என்றால் சரி. 15-க்கு மேல் என்றால் 24 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள். 7812 போட்டிருந்தால் பாதிக்கு மேல் அதன் ஹீட்சிங்க்கில் சூடாய்ப் போகிறது. பக் கன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் தீரும். டெட் டைமையும், அதாவது ஒரு மாஸ்ஃபெட் மூடி அடுத்தது திறக்கும் வரை விடும் இடைவேளையையும், பாருங்கள். அந்தப் போர்டில் 300 நானோ நொடி, 500, 1,000, 1,500 என்று நான்கு நிலைகளை ஜம்பரால் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பக்கமும் நாலைந்து மாஸ்ஃபெட் இணையாக வைத்து 300-இல் விட்டால், மேல் மாஸ்ஃபெட் மூடி முடிக்கும் முன் கீழே உள்ளது திறந்து இரண்டும் சேர்ந்து கடத்தும். லோடு இல்லாமலே ஹீட்சிங்க் வெதுவெதுப்பாகும். 1,000-க்கு மாற்றிப் பார்த்து, கரன்ட் இறங்கினால் காரணம் அதுதான்.

இந்த இரண்டு அளவையும் கூட்டி 83-இல் கழித்தால் மிஞ்சுவது ரிப்பிளின் பங்கு. இரும்பு 18, போர்டு 9 என்று வந்தால் மிச்சம் 56 வாட். சோக்கால் பெரிய பலன் உண்டு. இரும்பே 50 வாட் தின்றால் சோக்கை மறந்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள், அதற்குக் கீழே வருகிறேன்.

ரிப்பிள் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? டொராய்டில் சுருள்கள் நன்றாக இணைந்திருப்பதால் லீக்கேஜ் இன்டக்டன்ஸ் (இணையாமல் மிஞ்சி, கரன்ட் மாறுவதைத் தடுக்கும் பகுதி) மிகக் குறைவு; 24 வோல்ட் பக்கம் பார்த்தால் சில மைக்ரோ ஹென்றிதான். வெளிப்பக்கம் ஃபில்டருக்காக வைத்த கெபாசிட்டர், 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஷார்ட் போலவே தெரியும். ஆக பிரிட்ஜ் தன் 26 வோல்ட்டை நேரே 3 மைக்ரோ ஹென்றி மேல் அடிக்கிறது. 50 சதவீத டியூட்டியில், அதாவது பாதி நேரம் திறந்திருக்கும்போது, கணக்கு: 26 × 0.25 ÷ (20,000 × 0.000003) = 108 ஆம்பியர், உச்சிக்கு உச்சி. வீட்டில் ஒரு விளக்கு எரியாதபோதும் மாஸ்ஃபெட்டுகள் 50 ஆம்பியரை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கின்றன. தடிமனான பிரைமரிச் செம்பு 20 கிலோ ஹெர்ட்ஸில் உள்ளே கரன்ட் ஓடவிடாது. மேல்தோல் அரை மில்லிமீட்டரிலேயே முழுதும் ஓடி அங்கே சூடாகும். உங்கள் நட்டத்தின் வேர் இதுவே.

இப்போது 20 மைக்ரோ ஹென்றி சோக் ஒன்றைத் தொடரில் வையுங்கள். மொத்தம் 23 அல்லது 24 ஆகும். ரிப்பிள் 108-லிருந்து 14 ஆம்பியருக்கு இறங்கும். நட்டம் கரன்ட்டின் வர்க்கத்தில் ஓடுவதால் செம்பின் சூடு 60-இல் ஒரு பங்காகும். இதுதான் சோக்கின் மொத்த வித்தையும்.

வளையத்துக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் பச்சை அல்லது கறுப்பு ஃபெரைட் வளையங்களில் பெரும்பாலானவை மின் இரைச்சலைத் தடுக்கச் செய்தவை. பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தை ஏற்கும் திறன்) 5,000-க்கு மேல், கோரில் காற்று இடைவெளி கிடையாது. 15 சென்டிமீட்டர் சுற்றுப்பாதை உள்ள வளையத்தில் ஒரு சுற்றில் 8 அல்லது 9 ஆம்பியர் ஓடினாலே அது சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது காந்தம் நிறைந்து இன்டக்டன்ஸ் விழுந்துவிடும். நோ-லோடில் கரன்ட் சிறியது என்பதால் வளையம் வேலை செய்யும், மீட்டரும் இறங்கும். அதைப் பார்த்துத்தான் பலர் வெற்றி என்கிறார்கள். 300 வாட் லோடு போட்ட கணமே, அலையின் ஒவ்வொரு உச்சியிலும் வளையம் இல்லாததுபோல் ஆகிவிடும். 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்றுக்குள்ளேயே இன்டக்டன்ஸ் வந்து வந்து போகும், கரகரவென்று சத்தம் வரும், மாஸ்ஃபெட்டில் கூரான கரன்ட் ஏறும். ராத்திரி ரௌட்டர் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு இது போதும் என்று வாதிடலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத் தூள். சீக்கிரம் சாச்சுரேட் ஆகாது, ஆனால் 20 கிலோ ஹெர்ட்ஸில் தானே சூடாகி, மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். சிலிக்கன் ஸ்டீல் தகட்டில் சுற்றுவதும் அப்படியே. செண்டஸ்ட் (இரும்பு-சிலிக்கன்-அலுமினியத் தூள்) வளையம் கிடைத்தால் நல்லது, விலை கூடுதல்.

வேண்டியது இடைவெளி விட்ட ஃபெரைட். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் பழசில் ஈ.ஈ 65, ஈ.ஈ 55 கோர்கள் (ஈ எழுத்து வடிவத் துண்டு இரண்டு சேர்ந்தது ஒரு ஜோடி) கிடைக்கும். ரங்கூனில் பழைய சாமான் பிரித்து விற்பவர்களிடம் இரண்டு ஜோடி ஈ.ஈ 65 தேடிப் பிடியுங்கள். ஒரு ஜோடியின் நடுத்தண்டுப் பரப்பு 535 சதுர மில்லிமீட்டர். இரண்டு ஜோடியை ஒட்டிவைத்தால் 1,070. பழைய குழாய் டி.வி.யின் ஃப்ளைபேக் கோர்களையும் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றின் தண்டு மெலிந்தது. நாலைந்து சேர்த்தால்தான் இந்த அளவுக்கு வரும்.

கணக்கு இப்படி. உங்கள் பிரைமரி 14.5 வோல்ட் என்று எடுத்துக்கொள்கிறேன், 24 வோல்ட் கட்டுமானத்தில் இதுதான் வழக்கம். 1,500 வாட்டில் 103 ஆம்பியர். அலையின் உச்சியில் 146. பவர் ஃபெரைட் சூடாகும்போது 0.39 டெஸ்லாவுக்குப் பக்கத்தில் சட்டென்று சாய்ந்துவிடும். எனவே 0.3-க்கு மேல் போகக் கூடாது. 8 சுற்று என்றால் தேவையான மொத்த இடைவெளி: 0.000001257 × 8 × 146 ÷ 0.3 = 4.9 மில்லிமீட்டர். இன்டக்டன்ஸ்: 0.3 × 8 × 0.00107 ÷ 146 = 17.6 மைக்ரோ ஹென்றி. இடைவெளியின் விளிம்பில் வழியும் புலத்தால் நடைமுறையில் 20 சதவீதம் வரை கூடி 21 பக்கம் வரும்.

பலரும் தடுமாறும் இடம் இது: இடைவெளிக்கான துண்டை ஈ கோரின் மூன்று கால்களுக்கும் நடுவே வைத்தால் காந்தப்புலம் நடுக்காலில் ஒரு தடவை, ஓரக்காலில் ஒரு தடவை என்று இடைவெளியை இருமுறை கடக்கும். ஆகவே 4.9-க்கு வேண்டிய துண்டு 2.4 மில்லிமீட்டர்தான். செம்பை உரித்த 1.6 மில்லிமீட்டர் பி.சி.பி. ஒன்றும் 0.8 மில்லிமீட்டர் ஒன்றும் சேர்த்தால் சரியாக 2.4. அட்டை, காகிதம் வேண்டாம். மழைக்காலத்தில் ஊறி உப்பும். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் போன்றவை ஓட்டுவீர்கள் என்றால் துண்டை 3.2 மில்லிமீட்டர் ஆக்குங்கள், 1.6-இல் இரண்டு. இன்டக்டன்ஸ் நாலில் ஒரு பங்கு குறையும், ஆனால் மோட்டார் கிளம்பும்போது எழும் கரன்ட்டைத் தாங்கும் அளவு கூடும். எனக்கு இரண்டாவதே பிடித்தமானது. நோ-லோடில் 2 வாட் அதிகம் போகட்டும், மாஸ்ஃபெட் உயிரோடிருக்கும்.

செம்பு 25 சதுர மில்லிமீட்டர் வேண்டும். வெல்டிங் கேபிளை அப்படியே சுற்றலாம் என்று தோன்றும். அதன் ரப்பர் உறையோடு ஈ.ஈ 65-இன் ஜன்னலில் 4 சுற்றுக்குமேல் நுழையாது. 16-ஆம் நம்பர் எனாமல் கம்பி, அதாவது 1.6 மில்லிமீட்டர், 12 இழை சேர்த்துக் கட்டி 8 சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு இழையும் 2 மீட்டர். மொத்தம் 24 மீட்டர், கிட்டத்தட்ட 450 கிராம். முனைகளில் எனாமலை நன்றாகச் சுரண்டி, 12 இழையையும் ஒரே லக்கில் அழுத்திச் சாலிடர் விடுங்கள். இரண்டு இழை ஒட்டாமல் விட்டாலும் வெளியே தெரியாது, லோடில் லக் மட்டும் சூடாகும். சுருளைத் தண்டோடு ஒட்டிச் சுற்றாமல் 3 மில்லிமீட்டர் விட்டுச் சுற்றுங்கள். இடைவெளிக்கு அருகே வழியும் புலம் செம்பைச் சூடாக்கும். கோரைக் கட்ட இரும்பு ஹோஸ் கிளாம்ப் போடக் கூடாது, அதுவும் அதே காரணத்தால் கையைச் சுடும். கண்ணாடி இழை டேப், எப்பாக்சி, பேக்கலைட் தகடு போதும். இறுக்கமாய் ஒட்டாத கோர் லோடில் 100 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த அதிர்விலேயே ஃபெரைட் விரிசல் விடும்.

எந்த வயரில் வைப்பது? எலக்ட்ரிகலாக எதில் வைத்தாலும் ரிப்பிள் ஒன்றே. ஆனால் இந்தப் போர்டில் பிரிட்ஜின் ஒரு பக்கம் 50 ஹெர்ட்ஸிலும் மறுபக்கம் 20 கிலோ ஹெர்ட்ஸிலும் மாறுகிறது. வேகமாக மாறும் பக்கத்து வயரில் வையுங்கள். அப்போது பிரைமரிச் சுருள் முழுதும் அமைதியான பக்கத்தோடு ஒட்டியிருக்கும். சுருள்களுக்கிடையே உள்ள கெபாசிட்டன்ஸ் வழியே வீட்டு வயரிங்குக்கு இரைச்சல் போவது குறையும், ரேடியோவும் தெளியும். எந்தப் பக்கம் என்று ஸ்கோப் இல்லாமல் கண்டுபிடிக்க, லோடு இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு மாஸ்ஃபெட் வரிசைகளைத் தொட்டுப் பாருங்கள், பேட்டரியைக் கழற்றிய பிறகு. கூடுதலாய்ச் சூடான வரிசையே வேகமான பக்கம்.

வெளிப்பக்கக் கெபாசிட்டரும் இந்த ஃபில்டரின் பாதி. சீலிங் ஃபேன் கெபாசிட்டர், 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ஏசி, இதற்கு மிகப் பொருத்தம். 230-க்கும் 14.5-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம் 252. ஆக அது பிரைமரிப் பக்கம் 630 மைக்ரோ ஃபாரடாய்த் தெரியும். 24 மைக்ரோ ஹென்றியோடு சேர்ந்து சுமார் 1,300 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். 50-க்கு வெகு மேலே, 20,000-க்கு வெகு கீழே, வேண்டிய இடம் அதுதான். கெபாசிட்டரை 10-க்கு ஏற்றினால் இன்னும் சுத்தமாகும் என்று நினைக்க வேண்டாம். 230 வோல்ட்டில் அது 0.7 ஆம்பியர் இழுக்கும், பிரைமரியில் 11 ஆம்பியருக்கு மேல் வீணாய்ச் சுற்றும். சிறிய கெபாசிட்டருக்கு ஒரு நன்மையும் உண்டு: அதன் முன்னோடும் கரன்ட், டிரான்ஸ்ஃபார்மரின் பின்னோடும் காந்தமாக்கும் கரன்ட்டில் கொஞ்சத்தை ரத்து செய்யும். 1.5, 2.5, 3.5 என்று மாற்றி மாற்றிப் போட்டு ஷன்ட்டில் மிகக் குறைவாய்க் காட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை ஓட்டும்போது லாரி ஹெட்லைட் பல்பு, 24 வோல்ட் 70 வாட், இரண்டை இணையாகக் கட்டி பேட்டரி பாசிட்டிவ் வயரில் தொடரில் வையுங்கள். தப்பாக மாட்டியிருந்தால் மாஸ்ஃபெட் வெடிப்பதற்குப் பதில் பல்பு எரியும். பிறகு பல்பை எடுத்து, ஃப்யூஸோடு நேரே மாட்டி, ஷன்ட்டைப் படியுங்கள். உங்கள் 56 வாட்டில் பெரும்பகுதி போய், மொத்தம் 30-லிருந்து 35-க்குள் வர வேண்டும்.

சோக்குக்குச் சோதனை அதற்கப்புறம்தான். சிறிய ஷன்ட்டைக் கழற்றிவிட்டு, 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி போட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிய பின் தொட்டால் கோர் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், சுருள் சற்று அதிகம் சூடாகலாம். லோடு ஏறும்போது சோக்கிலிருந்து மெல்லிய உறுமல் வந்தால் பயமில்லை. குறிப்பிட்ட ஒரு வாட்டுக்குமேல் திடீரென்று கரகரப்பு தொடங்கினால் கோர் சாச்சுரேட் ஆகிறது. துண்டை 0.8 மில்லிமீட்டர் தடிப்பாக்குங்கள். சுற்றைக் கூட்டினால் நிலைமை மோசமாகும், ஏனெனில் அதே கரன்ட்டுக்குக் காந்தப்புலம் இன்னும் ஏறும்.

டிரான்ஸ்ஃபார்மரே குற்றவாளியாக இருந்தால்: ஏதாவதொரு கம்பியை 10 சுற்று அதன்மேல் சுற்றி, அதில் வரும் வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கான வோல்ட் கிடைக்கும். அதை 222-ஆலும், கோரின் பரப்பாலும் சதுர மீட்டரில் வகுத்தால் டெஸ்லா. 40 சதுர சென்டிமீட்டர் கோரில் 1.15 வோல்ட் என்றால் 1.3 டெஸ்லா, நல்ல எண். 1.6-க்கு மேல் என்றால் சுற்று குறைவு. 230 வோல்ட் சுருளின் தொடர்ச்சியாக, அதே திசையில், 10 சதவீதம் கூடுதல் சுற்று மேலே சுற்றிவிட்டால் காந்தப்புலம் 9 சதவீதம் இறங்கும். 1.6-இல் வளைவின் முழங்காலில் நிற்பதால் நட்டம் அதைவிட அதிகமாய் விழும். பிரைமரியைத் தொட வேண்டாம். அங்கே வோல்ட் 13-க்கு இறங்கி கரன்ட் 10 சதவீதம் ஏறும், அவ்வளவே. இதற்கும் முன்பாகவே செய்யக்கூடியது, போர்டின் ட்ரிம்மரைத் திருப்பி வெளிவோல்ட்டை 220-இல் வைப்பது. இரும்பு நட்டத்தில் 8 சதவீதம் காசில்லாமல் குறையும்.

டொராய்டு லோடில்லாமலே உறுமினால் டி.சி. கலப்பைச் சந்தேகியுங்கள். பிரைமரியின் மின்தடை 2 மில்லி ஓம்தான். 10 மில்லிவோல்ட் டி.சி. சேர்ந்தாலே 5 ஆம்பியர் ஒரே திசையில் ஓடி இரும்பை ஒரு பக்கமாய்ச் சாய்த்துவிடும். பிரைமரிக்குக் குறுக்கே 100 கிலோ ஓமும் 2.2 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரும் தொடரில் வைத்து, கெபாசிட்டர் மேல் டி.சி. மில்லிவோல்ட் பாருங்கள். சாய்வு தெரிந்தால் ஒரு பக்கத்து மாஸ்ஃபெட்டில் ஒன்று செத்திருக்கிறதா, கேட் ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒரே மதிப்பா என்று தேடுங்கள். சோக் இதைச் சரி செய்யாது.

மூன்று எச்சரிக்கைகள். வெளியே போகும் 230 வோல்ட் வயரில் கவ்வும் ஃபெரைட் மணிகள் நோ-லோடில் ஒரு வாட்கூடக் குறைக்காது. இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத லேசான இன்வெர்ட்டர்களுக்கும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றின் நட்டம் உள்ளே இருக்கும் டி.சி. கன்வெர்ட்டரில். கடையில் வாங்கிய, லைன் வரும்போது அதே டிரான்ஸ்ஃபார்மர் வழியே பேட்டரியை நிரப்பும் வகையில் சோக் சேர்த்தால், சார்ஜ் கரன்ட்டும் மாறும். லைன் வந்ததும் சார்ஜ் ஆம்பியரையும் ஹீட்சிங்க் சூட்டையும் சோக்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் செய்தபின்பும் 30 வாட் மிஞ்சும்; 10 மணி நேர இரவுக்கு அது 300 வாட்-மணி. ராத்திரியில் ரௌட்டரும் இரண்டு விளக்கும் மட்டும்தான் ஓடுகிறது என்றால், 24-லிருந்து 12 வோல்ட் பக் கன்வெர்ட்டர் ஒன்றை 5 ஆம்பியர் ஃப்யூஸோடு பேட்டரியில் நேரே மாட்டி, 12 வோல்ட் எல்.ஈ.டி. விளக்குகளையும் ரௌட்டரையும் அதில் ஓட்டிவிட்டு இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். கன்வெர்ட்டர் ஒரு வாட்டுக்குள் தின்னும்.